போகிப் புகையில் முளைத்தது

என் கணவர் கேப் டவுனிலிருந்து எழுதிய கடிதத்தின் மடிப்பில் ஆறு விதைகள் இருந்தன. நிறவெறித் தடை நீங்கித் தென்னாப்பிரிக்காவுக்கு நம் ஆட்கள் போகலாம் என்றான புதிதில், அம்பத்தூர் எஸ்டேட் வேலையை உதறிவிட்டுக் கப்பல் பட்டறைக்கு வெல்டராகப் போனவர். புரோட்டியா விதையாம். மலைச்சரிவெல்லாம் புதர்புதராக நிற்குமாம், பூ ஒவ்வொன்றும் சோற்றுக் கிண்ணம் அளவு இருக்குமாம். "இது பூக்கும்போது நான் அங்கே இருப்பேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனூர் வீட்டில் மதிலோரம் தொட்டி வைத்து விதைத்தேன். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை மண்ணைக் கிளறிப் பார்ப்பேன். விதை போட்டது போட்டபடி கிடக்கும். ராத்தங்க ரயில் ஷெட்டுக்குப் போகும் மின்ரயில் சத்தம் கேட்டால், அவர்தானோ என்று வாசலுக்கு ஓடுவேன். அது காலி வண்டி என்று தெரிந்தும் ஓடுவேன்.

சர்ச்சுக்குப் போகும் எங்கள் வேதக்காரர் வீட்டில் போகி கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் போகியன்று விடியற்காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்தினாள். புகை முழுவதும் என் தொட்டி மேல் கவிந்தது. போய்ச் சண்டை பிடித்தேன்.

"இன்னாக்கா, வெறும் மண்ணுதானே கீது அதுல? அதுக்கா இந்தக் கத்து கத்துற?" என்றாள்.

உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

போகி கழிந்து மூன்றாம் வாரம் ஆறில் இரண்டு முளை விட்டது. அன்றே கணவருக்கு எழுதினேன், புகைச் சண்டையையும் சேர்த்து. பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? சீக்கிரம் பூக்கட்டும் என்று ஆட்டெரு போட்டேன், கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். பத்தே நாளில் இரண்டும் கருகிச் செத்தன.

அடுத்த வாரம் பதில் வந்தது. அங்கேயும் காடு எரிந்து புகை பட்டால்தான் இது முளைக்குமாம். எருவே ஆகாது, போட்டுவிடாதே என்று அடிக்கோடிட்டிருந்தார். பூக்க மூன்று நான்கு வருடமாகும், அவசரப்படாதே என்று முடித்திருந்தார்.

மூன்று நான்கு வருடம். அப்படியானால் அவர் வருவதாகச் சொன்னதும் அப்போதுதான். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன்: "செடி செத்துவிட்டது. நான்தான் கொன்றேன். இனி அது பூக்காது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், கிளம்பி வாருங்கள்."

தபால் பெட்டியில் போட்டதுமே பயம் பிடித்தது. கோபித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டால்? ஒரு மாதத்துக்குமேல் தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே வழிமறித்தேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவரே வந்தார்.