கடைக்கோடியில் முதல் வெட்டு

செல்வத்தின் அழைப்பை இரண்டு முறை துண்டித்தேன். என் கடை வாசலில் உர லாரி நின்றது. மூட்டை இறக்குபவர்களுடன் கூலித் தகராறு. செல்வம் பிலோமினா அக்காவின் பொக்லைன் இயந்திரத்தை ஓட்டுபவர். காலையில் அழைத்தால் டீசல் விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அவரே பைக்கில் வந்து கடைக்கு எதிரில் நின்றார். இறங்கவில்லை.

"அக்கா செத்துட்டாங்க முதலாளி. அடுப்புல காபித் தண்ணி வச்சிக்கினு இருந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்க."

கேட்ட கூலியைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அவர் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். நான் பேரம் பேசாமல் கூலி கொடுத்தது அன்றைக்கு மட்டும்தான் என்று கடைப் பையன்கள் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மைதான்.

பாகூர் பக்கம் பிலோமினா அக்காவை அறியாதவர்கள் குறைவு. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் ஈரத்துண்டு, மொபெட்டின் முன்னால் டீசல் கேன் என்று நீங்கள் எல்லாரும் ஏதாவது ஒரு பாலத்தின் மேலிருந்து அவரைப் பார்த்திருப்பீர்கள். கணவர் விட்டுப்போன பழைய டிராக்டர் ஒன்றில் தொடங்கி, அரசாங்கம் தூர்வாரக் கொடுக்கும் வாய்க்கால், ஓடை வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்தவர். நானும் காலிச் சாக்கு வாங்கி விற்று மேலே வந்தவன். அதனாலோ என்னவோ, முதல் நாளே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

மதகு வேலைக்கு சிமெண்ட் வாங்க வந்திருந்தார். ஒரு மூட்டையை அழுத்திப் பார்த்தார்.

"இன்னா முதலாளி, கல்லாட்டம் கீது?"

"கட்டி இல்லக்கா. அடியில இருந்த மூட்ட, கொஞ்சம் இறுகியிருக்கு."

"நான் கூடத்தான் அடியில இருந்து வந்தேன். என்னை எவனாவது முழு வெலைக்கு எடுத்தானா? வேற மூட்ட போடு."

வேறு மூட்டை போட்டேன். மாற்றிப் போட்ட மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு கை கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக என் கடைக்கு வருவது வழக்கமாயிற்று. ஊர் வம்பு, அரிசி விலை, எந்த ஓடைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் எவ்வளவு ஓடையில் இறங்கும் என்று பேச்சு போகும். அந்த ஞாயிறுகளில் கடையை நான் தாமதமாகத்தான் மூடுவேன்.

எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் போகும் வடிகால் ஓடையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியின் உபரியும் வயல்களின் தண்ணீரும் அதில் இறங்கி, கிழக்கே போய், தாழங்காடு என்கிற சின்ன ஊரை ஒட்டிக் கடலில் சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அது புல்லும் சேறுமாக அடைத்துக்கொண்டால் மேலே எங்கள் கடைகளில், முதலில் பள்ளத்தில் இருக்கும் என் கடையில், தண்ணீர் ஏறும். கீழே தாழங்காட்டு வீடுகளில் ஏறும். ஓடையைத் தூர்வார வேண்டும் என்று வியாபாரிகள் சார்பில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வழியாகப் பணம் ஒதுக்கினார்கள். ஆனால் கோடையில் வர வேண்டிய உத்தரவு புரட்டாசி பிறந்த பிறகு வந்தது. ஒப்பந்தம் பிலோமினா அக்காவுக்குக் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை போட்ட இடத்தில்தான் முதல் வெட்டு விழ வேண்டும். அங்கிருந்துதான் வேலை நகர வேண்டும். பூஜைக்குப் பிரமுகர்கள் வருவார்கள். அவர்கள் கார் கடைத்தெருப் பாலம் வரைக்கும்தான் வரும். ஆகவே எங்கள் ஊரில் எந்த ஓடையையும் பாலத்திலிருந்துதான் தோண்டுவார்கள். இது யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவில்லை. கார் நின்ற இடம் முடிவெடுத்தது.

பூஜைக்கு முந்தின நாள் அக்கா கடைக்கு வந்தார். மூட்டையில் உட்காரவில்லை.

"கடைக்கோடியிலேர்ந்து வெட்டப் போறேன். தாழங்காட்டுல ஆரம்பிச்சி மேல வரேன்."

"மழைக்குள்ள இங்க வந்து சேருவீங்களா?"

"சேர்ந்தா சேருவேன்."

"சேரலன்னா?"

"உன் கடைக்குத் தண்ணி வரும். வருஷா வருஷம் வர்றதுதானே?"

"அது வரக் கூடாதுன்னுதான்க்கா நான் இத்தினி வருஷம் அலைஞ்சேன்."

"மேல தொறந்து வுட்டுட்டு கீழ அடைச்சி வச்சா, தண்ணி எங்க போவும்? தாழங்காட்டுல வூட்டுக்குள்ளாற போவும். உன் வூட்டுச் சாக்கடை அடைச்சிக்கினா எந்தப் பக்கம் குச்சி வுடுவ நீ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் குடோன்ல இருக்கிற யூரியாதான் எனக்குத் தெரியும்."

"தெரியுது இல்ல? அப்ப மூட்டைய மேல ஏத்து" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வேலையைப் பார்த்த பொறியாளரிடம் போய் முறையிட்டேன். அவரும் அக்கா சொல்வதுதான் முறை என்றார். பாலத்திலிருந்து தொடங்கச் சொல்லி உத்தரவில் எங்கும் இல்லை என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பூஜை பாலத்தில்தான் நடந்தது. பந்தல், மாலை, படம் எடுப்பவர்கள். இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, வந்திருந்த பிரமுகர் கைகாட்ட, செல்வம் ஒரு வாளி சேற்றை அள்ளிக் கரையில் போட்டார். கைதட்டினோம். கார்கள் போனதும் அக்கா இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றச் சொன்னார். செல்வமே மறுத்துவிட்டார். "பூஜை போட்ட எடத்த வுட்டுட்டுப் போனா மெஷினுக்கு ஆவாதுக்கா. எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது."

அக்கா வாதாடவில்லை. பையில் சம்பாவனைப் பணத்தை மடித்து வைத்துக்கொண்டிருந்த ஐயரிடம் போனார். "ஐயரே, உங்க சாமி காரு போற எடத்துக்குத்தான் வருமா, மொபெட்லயும் வருமா?" என்று கேட்டார். ஐயர் ஒரு கணம் திகைத்து, பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். மடியில் தேங்காயும் எலுமிச்சம்பழமுமாக அவர் போனதைக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. தாழங்காட்டுச் சேற்றில் இரண்டாவது பூஜை நடந்தது. கழுத்தில் சிலுவைச் சங்கிலியுடன் அக்கா கைகூப்பி நின்றாராம். செல்வம் வெட்டத் தொடங்கினார்.

மழை காத்திருக்கவில்லை. இயந்திரம் பாதி தூரம் வருவதற்குள் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மேலே ஏற்றியது போக அடி வரிசையில் இருந்த யூரியா கரைந்து ஓடையோடு போனது. வெறும் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது வந்த கோபத்தில், குடையும் இல்லாமல் தாழங்காட்டுக்குப் போனேன். அக்கா கரையில் நின்றுகொண்டிருந்தார். புதிதாக வெட்டிய வழியில் தண்ணீர் பழுப்பாக, மடமடவென்று கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்த வீடுகளில் ஒன்றிலும் தண்ணீர் ஏறவில்லை. ஒரு வீட்டில் தோசை சுடும் வாசனை வந்தது. திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மூட்ட எவ்வளவு போச்சி?" என்றார்.

"அடி வரிசை முழுக்க."

"இன்சூரன்ஸ் கீதா?"

"தீக்குத்தான்க்கா போட்டிருக்கேன். தண்ணிக்கு இல்ல."

"இந்த ஊர்ல கடைய வச்சிக்கினு தீக்குப் போட்டியே, நீயெல்லாம் வியாபாரியா?" என்றார். அந்த மழையில் நின்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அன்றைய நஷ்டம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அவர் செய்தது சரி என்பதையும் மறைக்க மாட்டேன்.

அவரைத் தவறே செய்யாதவராக நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவரே எழுந்து வந்து திட்டுவார். அடுத்த கோடையில் மீதி வேலை முடிந்தபோது, இதோடு விடக் கூடாது, ஓடையை இன்னும் ஆழமாக, கடல் வரைக்கும் நேர்க்கோடாக வெட்ட வேண்டும் என்று வியாபாரிகள் மனு எழுதினோம். அக்கா என்னை மொபெட்டில் ஏற்றி, வேறொரு ஓடையின் முகத்துவாரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டம்மா டீ கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன்.

"இன்னாக்கா, சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டாங்களா?"

"அவங்க போடல. நான்தான் போட்டேன். மெஷினால."

அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே, "குடிங்க அண்ணே, நாங்க தினம் குடிக்கிறோம்" என்றார்.

பல ஆண்டுகளுக்கு முன் அங்கே விவசாயிகள் கேட்டார்கள் என்று அக்கா ஓடையை ஆழமாக வெட்டிக் கொடுத்திருக்கிறார். வெள்ளம் வடிந்தது, எல்லாரும் மாலை போட்டார்கள். கோடையில் அதே வழியாகக் கடல் உள்ளே வந்தது. கிணறும் போர்வெல் தண்ணீரும் கரித்துப்போயின. "வெட்டுன செலவு ஒரு தடவ. இவங்களுக்கு லாரியில தண்ணி ஊத்துற செலவு தினம், அதுவும் பத்தல. எது பெருசுன்னு நீயே கணக்குப் போடு, நீதான் வியாபாரியாச்சே" என்றார். அந்த அனுபவத்துக்குப் பிறகு, கடல் பக்கம் கடைசித் துண்டில் அடிமண்ணைத் தொடவே மாட்டார். ஒரு கரையில் மட்டும் இயந்திரத்தை இறக்கி, மறுகரையின் தாழம்புதரை அப்படியே விடுவார். இரண்டு கரையையும் மொட்டையடித்தால் அடுத்த மழைக்குக் கரையே ஓடையில் படுத்துக்கொள்ளும் என்பார். எங்கள் மனுவை நாங்கள் திருத்தி எழுதினோம். மாதம் ஒரு முறை அக்கா அந்த வீட்டுக்குப் போய் அந்த டீயைக் குடித்துவிட்டு வருவார் என்பது, அவர் இறந்த பிறகு, செல்வம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்காது. அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் செலவு மதிப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது. முதல் மழையில் அது மறுபடியும் ஓடைக்குள் இறங்கும். அடுத்த ஆண்டு அதே மண்ணுக்கு அரசாங்கம் மறுபடியும் கூலி கொடுக்கும். ஒரே சரக்கை இரண்டு முறை விற்கும் இந்த வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அக்கா வயல்காரர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் டிராக்டர் கொண்டுவரவைத்து வரப்புக்கு மண் எடுத்துக்கொள்ளச் செய்வார். அதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. "பின்ன ஏன்க்கா?" என்று கேட்டேன். "அதே மண்ண மறுபடியும் பார்க்க எனக்கு வெக்கமா கீதுப்பா" என்றார்.

போன வாரம் வியாபாரிகள் கூட்டம் நடந்தது. நம் ஓடை மறுபடியும் அடைத்துக்கொண்டது, பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒப்பந்தம் எடுத்திருப்பவர் வெளியூர்க்காரர். பூஜை எங்கே, பந்தல் யார் செலவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, வேலையைத் தாழங்காட்டில் தொடங்கச் சொல்லி நாமே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். ஜவுளிக் கடைக்காரர் என்னைவிட இளையவர்; மரியாதை தெரிந்தவர்.

"அண்ணே, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கீழ ஆரம்பிச்சி நடுவுல மழை புடிச்சிக்கினா, தண்ணி மொதல்ல உங்க கடைக்குத்தானே வரும்?"

"ஆமா, வரும்" என்றேன்.

பிலோமினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பதில்தான். நட்டம் எனக்கு என்று தெரிந்தும் குரல் தடுமாறாமல் இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. செயலாளர் தாளை எடுத்து மனுவை எழுதத் தொடங்கினார். நான் கடைக்குத் திரும்பி, பையன்களைக் கூப்பிட்டு, அடி வரிசை மூட்டைகளை மேலே ஏற்றச் சொன்னேன்.