நவரத்தினத்தின் ட்வின்கேம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் நவரத்தினத்தைத் தெரியாதவர் இல்லை. வங்கி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று பெயர். அலவிக்கு மட்டும் நினைத்தார்.

1983இன் தொடக்கத்தில், அவுஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு தோட்டத்துரையிடம் சிவப்பு எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். உள்ளே இருப்பது ட்வின்கேம் எஞ்சின், கிடைப்பதே அபூர்வம் என்று துரை அளந்துவிட்டார். பொனெட்டைத் திறந்து பார்த்தாலும் இவருக்கு என்ன விளங்கும்? ஞாயிற்றுக்கிழமைகளில் காலி நகருக்குப் போகும் வீதியில் ஓட்டிப் பெருமைப்பட்டார்.

தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரத்தில் தப்பி யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியபோது, தெமட்டகொடையில் கராஜ் வைத்திருந்த நண்பர் அலவியிடம் காரை விட்டுப்போனார். எரிக்க வந்தவர்களிடம் அது தன் கார் என்று சொல்லி அலவி காப்பாற்றினார். நவரத்தினம் திரும்பி வந்ததும் வேறொரு மெக்கானிக் பொனெட்டைத் திறந்து, இது சாதாரண எஞ்சின் என்றார். எஞ்சினைக் கழற்றி மாற்றிவிட்டான் என்று அன்றிலிருந்து அலவி கள்ளன். நேரே போய்க் கேட்டார், அலவி அழுதார், இவர் நம்பவில்லை. கோயில், வங்கி, தேத்தண்ணிக் கடை என்று சொல்லித் திரிந்தார். காரை நெருப்பிலிருந்து காப்பாற்றியவர் எஞ்சினையா திருடுவார் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பிறகு முழுக் கதையையும் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருடம் கால் இயலாமல் போக, காரை விற்க நினைத்தார். வாங்க வந்தவர், முதலில் இருந்தது எந்த எஞ்சின் என்று உறுதியாக அறிய, பழைய கார்களைப் பரிசோதிக்கும் ஷிஹானைக் கூட்டி வந்தார். ஷிஹான் பின் சில்லைக் கழற்றினார்.

"அங்கிள், ட்வின்கேம் காருக்கு நாலு சில்லிலயும் டிஸ்க் பிரேக் ஈக்கும். இதுல பின்னுக்கு ட்ரம் பிரேக்."

"எஞ்சினை மாத்தினவன் பிரேக்கையும் மாத்தியிருப்பான்."

"சேசி நம்பரும் சாதாரண கார்ட நம்பர்தான் அங்கிள். இது ட்வின்கேமா வந்ததே இல்ல. யாரும் ஒண்டும் மாத்தல்ல."

கார் விலை என்னாகும் என்று நவரத்தினம் கேட்கவேயில்லை. மறுநாள் த்ரீவீல் பிடித்துத் தெமட்டகொடைக்குப் போனார். கராஜ் பூட்டிக் கிடந்தது. பின்வீட்டில் அலவியின் மகள் ஷபீகா இருந்தார். அலவி இறந்து பல வருடங்கள்.

"பிள்ளை, உங்கட வாப்பா எஞ்சினை மாத்தேல்லை. நான்தான் பிழையா..."

ஷபீகா அவரை இருக்கச் சொல்லவில்லை.

"அது எங்களுக்கு எப்பவும் தெரியும் அங்கிள். நீங்க சென்ன கதையால வெள்ளவத்தைல ஈந்து ஒரு கார் வரல்ல. கராஜ மூடிட்டுத்தான் வாப்பா மௌத்தானாரு. எனக்கிட்ட செல்லி என்ன? நீங்க அங்கதானே சென்னீங்க. அங்க போய்ச் செல்லுங்க."

அன்று பின்னேரமே ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். மீதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். அவர்களுடைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று. அதில் ஒன்றுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத என்னிடம் கடைசியாக வந்தார். என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அலவி களவெடுக்கேல்லை."

"எந்த அலவி, அங்கிள்?" என்று கேட்டேன்.