வெயிலில் தெரியாத பலகை

உதயகுமாரை யாரும் விவரம் தெரியாதவன் என்று சொல்லிவிட முடியாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பையன், கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவன். 2003 தை மாதம் அந்த வேலையை விட்டான். எழுத்து ஓடும் எல்இடி பலகைகளை வாங்கிக் கடைகளுக்கு விற்பது, கம்ப்யூட்டரிலிருந்து அவற்றில் விளம்பரம் ஏற்றித் தருவது, இதுதான் இனித் தொழில் என்றான். மனைவி காயத்ரி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இது போனா நம்மகிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

சென்னையில் ஒரு கடை. ஜன்னலே இல்லாத ஏசி அறை. சுவரெங்கும் பலகைகள் சிவப்பாக மின்னின. உதயகுமார் துருவித் துருவிக் கேட்டான். தமிழ் எழுத்து காலும் கொம்பும் சிதையாமல் வருமா? கேபிள் எவ்வளவு நீளம்? கரண்ட் போனால் ஏற்றியது அழியுமா? திருப்தியாகி ஒரு பலகையை வாங்கி வந்தான்.

நாலு மாதம் அதை யாரும் சீந்தவில்லை. கடைசியில் காந்தி ரோட்டில் மூன்று பட்டுக்கடை வைத்திருக்கும் கந்தன் மனமிரங்கினார்.

"வைகாசி கருட சேவைக்கு ஊரே இந்த வழியாத்தான் போவுது. அன்னிக்கு ஜனம் நின்னு படிச்சா மூணு கடைக்கும் உன் பலகைதான். இல்லைன்னா கழட்டிக்கினு போயிடணும். சம்மதமா?"

"படிப்பாங்கண்ணா."

முந்தின நாள் சாயங்காலம் கடை முகப்பில் பலகை ஏறியது. முகூர்த்தப் பட்டு, புது டிசைன், வருக வருக என்று வரிகள் வலமிருந்து இடமாக ஓடின. ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் படித்தார்கள். கந்தன் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். எதிர்ச்சாரியில் நின்று பார்த்த காயத்ரி, மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

மறுநாள் காலை பெருமாள் கருடன்மேல் வந்தபோது வெயில் நேராகக் கடை முகப்பில் அடித்தது. தெரு கொள்ளாத கூட்டம். உதயகுமார் பெருமிதத்தோடு அண்ணாந்து பார்த்தான். பலகை கறுப்பாக இருந்தது.

கரண்ட் இல்லையோ என்று உள்ளே ஓடினான். இருந்தது. ஏணியில் ஏறி உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்த்தான். எழுத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது, வெயிலில்தான் அது தெரியவில்லை. மறுபடி கடைக்குள் கம்ப்யூட்டருக்கு வந்தான். வெளிச்சம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. எழுத்தைத் தடிமனாக்கினான். ஓடாமல் நிற்க வைத்தான். பலகை முழுக்க எரியவிட்டு எழுத்தை மட்டும் இருட்டாக்கினான். வெளியே "கோவிந்தா, கோவிந்தா" என்ற சத்தம் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாபா, கரும்பலகைய மாட்டிக்கீற? சாக்பீஸ் எடுத்தாரவா?" என்றார் கந்தன்.

கடைப்பையன்கள் சிரித்தார்கள்.

"எங்க வெச்சிப் பாத்து வாங்கன?"

"கடைக்குள்ளதாண்ணா."

"பட்டிக்காட்டுக் கெழவிகூட புடவைய வாசலுக்கு எடுத்தாந்து வெயில்ல விரிச்சி நெறம் பாத்துத்தான் வாங்குறா. காஞ்சிபுரத்துல பொறந்தவன், நீ டியூப்லைட்டுல பாத்துட்டு வந்துக்கீற."

கூட்டம் கலையும்முன் அவனே கழற்றினான். சென்னைக் கடைக்கு போன் போட்டான். "அது உள்ள மாட்டுற டைப் சார். வெளில மாட்டுவேன்னு நீங்க சொல்லவே இல்லையே. வித்தது வித்ததுதான்" என்றார்கள். நிஜம்தான், சொல்லவில்லை.

கல்யாண மண்டபம், டாக்டர் கிளினிக், மெஸ் என்று பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தான். உள்ளே வந்துவிட்டவனுக்கு எதற்கு விளம்பரம் என்றார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் அவன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். காயத்ரி கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் கந்தன் ஆள் அனுப்பினார். கடை முகப்பில் வேறு பலகை, பெரியது, யாரோ சென்னைக் கம்பெனி மாட்டியது.

"தள்ளுபடி விளம்பரம் ஏத்தணும்பா. நம்ம பசங்களுக்குத் தமிழ் அடிக்க வரலை. நீ அடிச்சிக் குடுத்துட்டுப் போ."

உதயகுமார் உட்கார்ந்து அடித்தான். எழுத்தின் தடிமன், ஓடும் வேகம், வரிக்கு வரி விடவேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வைத்தான். அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தான். உச்சி வெயில். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள்.

"தெரியுதா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் கந்தன்.

"நல்லா தெரியுதுண்ணா" என்றான்.