அவர் காதுக்கு ஒத்த பாட்டு

என் வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது. பிறவியிலேயே அப்படியில்லை. ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிய வெள்ளைக்காரன், போகிற போக்கில் பெடாஸ் ஊர்ப் பக்கம் ஒரு பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தான். நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்து லாரியோடு இவர் அந்நேரம் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் கெட்டது. செவிடாகியிருந்தால்கூடச் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். இது நேர்மாறு. கரண்டி கீழே விழுந்தால் காதைப் பொத்திச் சுருண்டுகொள்வார். சத்தமே இல்லாவிட்டாலோ, காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல் கேட்கிறதென்று தலையைச் சுவரில் முட்டுவார்.

"சத்தமும் கொல்லுது, சத்தமில்லாட்டியும் கொல்லுது. ஒரு கயித்தக் குடு புள்ள, போய்ச் சேர்றேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம், துணி உலர்த்தும் கொடி உட்பட, எடுத்து ஒளித்துவைத்தேன். ஈரத்துணி வேலியில் காய்ந்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் பேயடித்துவிட்டது என்று முடிவு கட்டி, பக்கத்து ஊரான கோலா சாவாவிலிருந்து பூசாரியைக் கூட்டிவந்து அவர் காதருகே உடுக்கை அடிக்க வைத்தார்கள். நல்ல வைத்தியம்! வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிய கதைதான். அவர் போட்ட அலறலில், உடுக்கையைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். சாமிக் குற்றம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளைக்காரன் ஓடுவதற்குமுன் நான் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்தவள். துரைசானி சாயங்காலமானால் ஜாஸ் வைப்பாள். அது ஜாஸ் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும். அவர்கள் ஓடியபின் சனங்கள் பங்களாவில் புகுந்து அரிசியும் மெத்தையும் தூக்கினார்கள். நான் கிராமபோன் பெட்டியையும் பாட்டுத் தட்டுகளையும் கொண்டுவந்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் வைத்த தமிழ்ப் பாட்டை முன்பே கேட்க வைத்துப் பார்த்திருந்தேன். குரல் உச்சிக்கு ஏறியதும் அவர் துடித்துப்போனார். பங்களாத் தட்டுகளில் தணிந்த குரலில் ஏதாவது இருக்கும் என்ற நப்பாசைதான்.

முதலில் வைத்த தட்டிலேயே டிரம்பெட் வீறிட்டது. அவர் தரையில் விழுந்து புரண்டார். அன்று அழுதுகொண்டே அந்தத் தட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சத்தம் பலமாக வந்த இடத்தில் கோடுகள் சொரசொரவென்று வெளிறி இருந்தன. மற்றொரு தட்டில் கோடுகள் நெருக்கமாக, எண்ணெய் தடவிய தலைமுடி போல் கறுத்துப் பளபளத்தன. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தத் தட்டு கத்தும், எது முனகும் என்று கண்ணாலேயே சொல்ல அன்று கற்றுக்கொண்டேன். கறுத்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தேன். இரும்பு ஊசி கிறீச்சிடுகிறதென்று மூங்கிலைச் சீவி ஊசியாக மாட்டினேன். மூடியைச் சாத்தி, மேலே கம்பளியைப் போர்த்தினேன்.

ஒரு தட்டில் கிளாரினெட் அடித்தொண்டையில் பேசியது. பின்னால் பியானோ, அதற்கும் பின்னால் முற்றம் பெருக்குவது போல யாரோ மேளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மெல்ல இளகியது. "இரைச்சல் அடங்குது புள்ள" என்றார். சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். வெள்ளைக்காரன் பாட்டு கேட்பது அப்போது பெருங்குற்றம். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்து, "சன்னமா வைங்கக்கா, ஜப்பான்காரன் காதுல விழுந்தா லயத்தையே கொளுத்திருவான்லா" என்பாள். ஆனால் அவள் பிள்ளைகளும் அந்தப் பாட்டில்தான் தூங்கின. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடும் வேலை. மலையை வெடி வைத்துப் பிளக்கிறார்கள் என்று பேச்சு. கூலிகளை மேய்க்கும் மண்டோரிடம் போய் இவர் காதைச் சொல்லிக் கெஞ்சினேன். "காது நோவெல்லாம் ஒரு நோவா? கை கால் நல்லாத்தான இருக்கு" என்றான். காட்டில் ஒளிந்தவர்களின் வீட்டுப் பெண்களை, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் முட்டிபோட வைத்து அடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர், "நான் போறேன்" என்றார். வெடிச் சத்தத்துக்கா? முதல் வெடியிலேயே மனுஷன் செத்துப்போவார்.

லாரி ஆபீசில் நிற்கிறது, அடுத்தது நம் லயம் என்று சேதி வந்தது. நான் யோசிக்கவில்லை. கம்பளியை உருவினேன். மூடியைத் திறந்தேன். இரும்பு ஊசியை மாட்டி, அந்த டிரம்பெட் தட்டை வைத்தேன். அவரைப் பிடித்து இழுத்து, தலையைப் பெட்டியோடு சேர்த்து அழுத்தினேன். "வேணாம் புள்ள, வேணாம்" என்று என் காலைப் பிடித்தார். விடவில்லை. தட்டு முடிந்ததும் திரும்ப வைத்தேன். லாரி திரும்பும் சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டிச் சொன்ன பிறகுதான் நிறுத்தி, பெட்டியை விறகுக்குள் தள்ளினேன்.

சிப்பாயும் மண்டோரும் உள்ளே வந்தபோது அவர் நெற்றி உடைந்து ரத்தம் வழிய, கைலியெல்லாம் ஈரமாக, தரையில் ஊளையிட்டுக்கொண்டிருந்தார். சிப்பாய் குனிந்து காதருகே ஒரு அதட்டுப் போட்டான். அவர் மண்ணைக் கடித்தார். "கீலா, துவான், கீலா" என்று மண்டோர் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். பைத்தியத்தை வைத்து என்ன செய்வார்கள்? விட்டுவிட்டுப் போனார்கள். ஆள் கணக்கு குறைந்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரனை ஏற்றினார்கள்.

தப்பு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அன்று சாயங்காலம் கிளாரினெட் தட்டை எடுத்தேன். என் கை பெட்டியின் சாவியைத் தொட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குத் தவழ்ந்து போனார். மறுநாளும் அப்படியே. என்னைத் திட்டவில்லை, பயந்தார். மறுபடியும் தலையை முட்டத் தொடங்கினார். அழுது வீங்கிய முகத்தோடு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "நீங்க வெளிய போங்கக்கா" என்று சாவியை அவளே முறுக்கினாள். அவர் கையைக் காதிலிருந்து எடுத்தார்.

அதன்பிறகு தட்டைப் பார்த்துப் பொறுக்கி வாசலில் நின்று நீட்டுவது மட்டும்தான் என் வேலை. சயாம் போன அவள் புருஷன் திரும்பவில்லை. அவள் வந்து வைத்தால்தான் என் புருஷன் தூங்கினார்.