சந்தேகத்துக்காக உடைத்த முத்திரை

போன வருஷம் ஐப்பசி மாதம், மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு சின்ன ரேஸ் டிராக்கில் இது நடந்தது. அன்றைக்கு நான் பார்த்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் பிளவுஸ் துணிக்கடை வைத்திருக்கிறேன். வீடு மேற்கு மாம்பலம். ‘பிளவுஸ் துணிக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். என் மாமியாரும் அதைத்தான் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் என் மகள் கோ-கார்ட் பந்தயம் ஓட்டுகிறாள். என் கணவருக்கு மிக்ஸி ஜாரைக் கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது. அதனால் என்ஜின் வேலை என் தலையில் விழுந்தது. ஆரம்பத்தில் புலம்பிக்கொண்டே செய்தேன். அப்புறம் அதன் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

கார்ட் என்பது தரையை உரசுகிற மாதிரி ஓடும், கூரையில்லாத குட்டிப் பந்தய வண்டி. ஓட்டுகிறவரின் வலது முழங்கைக்குப் பக்கத்திலேயே என்ஜின் உட்கார்ந்திருக்கும். எங்கள் பிரிவில் ஓடுவது ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். கடை வாசலில் வைக்கிற ஜெனரேட்டருக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் ஜெனரேட்டரின் நிதானம் இதற்குக் கிடையாது. வேகத்தைப் பிடித்து வைக்கிற கவர்னரைக் கழற்றி விட்டிருப்பதால் தலைதெறிக்க ஓடும். அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அதைப் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, டேப்பெட் இடைவெளி பார்த்து, போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கி, புது ஆயில் ஊற்றி மூட வேண்டும்.

எங்கள் கிளப்பில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. அவரவர் வீட்டில் தயார் செய்த என்ஜினை அவரவர் வீட்டு ஓட்டுநர் ஓட்டக் கூடாது. பந்தயத்துக்கு முந்தின வாரம் எல்லாரும் என்ஜின்களை மந்தைவெளியில், பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளப் ஷெட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கரன்ட் மீட்டரில் இருக்குமே, அதைப் போலக் கம்பி கோத்து ஈயமுத்திரை வைத்துவிடுவார்கள். பந்தயத்தன்று காலையில் ஒரு எவர்சில்வர் தூக்கில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு யார் என்ஜின் வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். கார்புரேட்டர், பிளக், செயின் போன்ற வெளிவேலைகளை மாற்றிக்கொள்ளலாம். முத்திரையைத் தொடக் கூடாது.

அப்படியும் உள்ளே ஏதோ தப்பு என்று தெரிந்து முத்திரையை உடைத்தால், அந்த என்ஜினைத் தயார் செய்தவர் வீட்டு ஓட்டுநர் கடைசி வரிசையிலிருந்து கிளம்ப வேண்டும். எல்லாரும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது. ஆனால் என்ஜின் ஓட்டத்தின் நடுவில் உடைந்துபோனால் தயார் செய்தவருக்கு ஒன்றுமே கிடையாது. ஓட்டுகிறவரின் தலையெழுத்து என்று விட்டுவிடுவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய பந்தயம் சாதாரணப் பந்தயம் இல்லை. வெளியூர் அணி ஒன்று, அடுத்த வருஷத்துக்குத் தங்கள் வண்டியை ஓட்ட ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஆள் அனுப்பியிருந்தது. என் மகள் அதை நினைத்துக்கொண்டு காலையில் ஒரு இட்லிகூடச் சாப்பிடவில்லை.

குலுக்கலில் அவளுக்கு ஒரு பல் டாக்டரின் என்ஜின் வந்தது. மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம் குடியிருக்கும் பெண் அவர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். அவருடைய தம்பியும் ஓட்டுநர். எனக்கும் அவருக்கும் அதுவரை ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். அவர் தம்பிக்கு யார் என்ஜின் வந்தது தெரியுமா? என்னுடையது! போயும் போயும் என் மகளுக்குச் சரிசமமாக ஓட்டுகிற பையனுக்குத்தானா என் என்ஜின் போக வேண்டும் என்று வயிறு எரிந்தது.

மழைக்கால ஈரக்காற்றுக்குத் தகுந்தபடி, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை நிர்ணயிக்கிற ஜெட்டை மாற்றினேன். நாலு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை நல்ல காபிப்பொடி நிறத்தில் இருந்தது; பெட்ரோல் சரியாக எரிகிறது என்று அர்த்தம். என்ஜின் தேன் மாதிரி ஓடியது. யார் வரிசையில் எங்கே நிற்பது என்று முடிவு செய்கிற ஓட்டத்தில் அந்தப் பையன் முதல் இடம் பிடித்தான், என் மகள் மூன்றாவது. முன்னால் நிற்கிறவனின் வண்டியில் ஓடுவது என் என்ஜின். எனக்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது பல் டாக்டர் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, அந்த என்ஜின்ல எனக்கு ஒரு சந்தேகம் வந்துடுத்து” என்றார்.

விஷயம் இதுதான். பிஸ்டனையும் அதைச் சுழற்றுகிற தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் அடியில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. அவற்றை முதலில் பாதி இறுக்கம், பிறகு முழு இறுக்கம் என்று இரண்டு தடவையாக முறுக்க வேண்டும். அவர் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பாதி முறுக்கியிருக்கிறார். ஒன்றை முழுதாக முறுக்கியிருக்கிறார். அப்போது வாசல் பெல் அடித்தது. தண்ணீர் கேன்காரர். எழுந்து போய் கேனை வாங்கி வைத்துவிட்டு வந்து என்ஜினை மூடியிருக்கிறார்.

“ரெண்டாவது போல்ட்டை முழுசா முறுக்கினேனான்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரலை. இப்போ சாப்பிட உக்காந்தேன், தண்ணி பாட்டிலைத் தூக்கினேன், பளிச்சுனு அந்த பெல் சத்தம் கேட்டுது.”

கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வருவோமே, அந்தச் சந்தேகம். எனக்கு அது நன்றாகவே தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அணைத்துத்தான் இருப்போம். ஆனால் இங்கே அணைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? முழு வேகத்தில் ராடு பிய்த்துக்கொண்டு, என்ஜின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் இருப்பது என் மகளின் முழங்கை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போட்டி நடத்துகிறவரிடம் போய்விட்டார். போட்டி நடத்துகிறவர் மந்தைவெளிக்காரர், ரேஸ் என்றால் உயிரை விடுகிற மனிதர். அவரால் நம்பவே முடியவில்லை.

“இன்னாம்மா சொல்றே? காலைலேர்ந்து வண்டி சூப்பரா ஓடிக்கினு கீது. சீலை ஒடைச்சா உன் தம்பி கடைசில நிக்கணும், தெரியுமில்ல? இன்னிக்குப் போயி சும்மா ஒரு டவுட்டுக்காவ ஒடைக்கச் சொல்றியே!”

“தெரியும் சார். ஒடச்சுடுங்கோ” என்றார் டாக்டர்.

அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி முதல் வரிசையில். அணியின் ஆட்கள் கண்ணெதிரே. என் மகள் வண்டியில் அந்த என்ஜின் உடைந்தால்கூட யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அந்த பெல் சத்தம் அவர் ஒருவரின் காதில் மட்டும்தான் கேட்டது.

தம்பி தன் வண்டிக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா அவனிடம் போய் ஏதோ சொன்னார். அவன் முகம் சுருங்கியது. பிறகு எழுந்து தன் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான். என் மகள் இரண்டாம் இடத்துக்கு முன்னேறினாள். மனசு அந்தக் கணக்கைப் போட்டது உண்மைதான். ஆனால் அதில் சந்தோஷம் வரவில்லை.

பிறகு நடந்ததை வாழ்நாளில் மறக்க மாட்டேன். டாக்டர் ஒரு பழைய வேட்டியை விரித்து, எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய என்ஜினை வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. ஆயிலை ஒரு பாத்திரத்தில் வடித்தார். கவர் போல்ட்டுகளைக் கழற்றிய வரிசைப்படியே, பல் பிடுங்குகிற சாமான்கள் வைக்கிற தட்டில் அடுக்கினார். நான் டார்ச் பிடித்தேன். கவரைத் தூக்கியபோது உள்ளே பார்த்தேன். அப்பா, என்ன சுத்தம்! நானும்தான் இத்தனை நாளாக என்ஜின் பிரிக்கிறேன். இன்னொருத்தர் பிள்ளைக்குப் போகப்போகிறது என்று தெரிந்தே, பூஜைப் பாத்திரம் மாதிரி ஒவ்வொரு பாகத்தையும் துலக்கி வைத்திருந்தார். யாரும் பார்க்கவே போவதில்லை என்கிற இடம் அது.

சரியான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்சை எடுத்தார். முதல் போல்ட்டில் வைத்தார். டக். ஏற்கெனவே நல்ல இறுக்கம். இரண்டாவதில் வைத்தார். சுற்றி நின்ற எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

டக்.

போல்ட்டு இம்மிகூட நகரவில்லை. அவர் அன்றைக்கே முழுதாக முறுக்கித்தான் இருக்கிறார்!

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன். “அதான் ஒரு தப்பும் இல்லையே, அந்தப் பையனைப் பழைய இடத்துலயே விடுங்க சார்” என்று கடையில் போடுகிற சண்டையை அங்கே போட்டேன். போட்டி நடத்துகிறவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். சீல் உடைந்தால் உடைந்ததுதான், விதியைத் தன்னால் மாற்ற முடியாது என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. “அக்கா, டார்ச்சை ஆட்டாதீங்கோ” என்றார்.

உள்ளே இருக்கிற பல்சக்கரங்களின் புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கிறதா என்று சரிபார்த்து, புது பேக்கிங் வைத்து மூடினார். நேரமாகிவிட்டது என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அவர் கை ஒரு துளிகூட அவசரப்படவில்லை. கவர் போல்ட்டுகளை முடித்துவிட்டு ரெஞ்சை என்னிடம் நீட்டினார்.

“நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்கோ.”

பார்த்தேன். ஒவ்வொன்றும் டக், டக் என்று சொன்னது. புது முத்திரை வைத்தார்கள்.

பந்தயம் தொடங்கியது. என் மகள் ஒரு பக்கம் பறக்க, கடைசியிலிருந்து அந்தப் பையன் ஒவ்வொருவராகத் தாண்டி வந்துகொண்டிருந்தான். டிராக்கின் கடைசியில் ஒரு பெரிய திருப்பம். நீளமான நேர்பாதையில் உச்ச வேகத்தில் வந்து அங்கேதான் வளைய வேண்டும். என்ஜின் உடைகிறதென்றால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். டாக்டர் அந்த இடத்துக்கு நேராக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி வரும்போது பார்த்தார். என் மகள் வரும்போதும் பார்த்தார். அவள் வளைந்து போய் மறையும் வரை பார்த்தார்.

என் மகள் ஜெயித்தாள். அந்தப் பையன் கடைசியிலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தான். அணியின் ஆட்கள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். ஆனால் தேர்ந்தெடுத்தது என் மகளை. கதைகளில் வருகிற மாதிரி இருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தது ஒரே இடம்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த என் மகள் நேராகப் போய் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். தம்பி பக்கத்தில் நின்று சிரித்தான். சிரிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டான் என்பதும் தெரிந்தது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது அவரிடம் தனியாகப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “ஒரு தப்பும் இல்லாததுக்குத் தம்பி சான்ஸ் போயிடுச்சேம்மா. வருத்தமா இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“வருத்தம் இல்லாம இருக்குமா அக்கா? ஆத்துக்குப் போய் ஒரு பாட்டம் அழப்போறேன்” என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா, உங்க பொண்ணு அந்தத் திருப்பத்துல வர்றச்சே ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்துண்டு பார்த்தேன். மூடிக்கணும்னு தோணவே இல்லை.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரீஸும் ஆயிலும் அப்பிய கை. அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த கிளப் கூட்டத்தில் நான் எழுந்து போட்ட சண்டையில் அந்த விதியை மாற்றிவிட்டார்கள். தானாக வந்து சந்தேகத்தைச் சொல்கிறவருக்கு இனிமேல் தண்டனை இல்லை. அந்தப் பையன் இந்த வருஷமும் எங்களோடு ஓட்டுகிறான். நானும் டாக்டரும் முத்திரை வைப்பதற்கு முன்னால் மந்தைவெளி ஷெட்டில் உட்கார்ந்து, அவர் என்ஜினை நானும் என் என்ஜினை அவரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் ரெஞ்சைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக வாசல் பெல்லை அணைத்துவிடுகிறேன். மாமியார் திட்டுகிறார், திட்டட்டும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு என்ஜினையும் மூடியதும், இது யார் வீட்டுப் பிள்ளையின் முழங்கைக்குப் பக்கத்தில் போகப்போகிறதோ, அந்தப் பிள்ளை திருப்பத்தில் வரும்போது என்னால் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். மனசு லேசாகத் தயங்கினால்கூட, மூடியதைத் திறந்துவிடுகிறேன்.