மினுக்கிய பதக்கம்

போன மாதம் சிட்னி நூதனசாலை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் நான் சிறுவயதில் மினுக்கிய பதக்கத்தின் சோடியைக் கண்டேன். உள்ளங்கை அளவு வெண்கலம், ஊறிய தேயிலையின் கருமை. நூறாண்டுக்கும் முந்தி இந்த நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் போட்டியிட்டவர்களுக்குக் கொடுத்த பதக்கம் என்று அட்டையில் எழுதியிருந்தது. மகள் படமெடுக்க நின்றாள். நான் கைகளைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன், நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருப்பதுபோல.

அப்போது எனக்குப் பத்து வயது. சிட்னியின் வெஸ்ட்மீட்டில் இருந்தோம். இரண்டு சூட்கேஸோடு வந்த குடும்பம். வீட்டிலிருந்து பழைய சாமான் ஒன்று கொண்டுவரச் சொன்னார் ரீச்சர். எங்களிடம் பழையது என்றால் அம்மாவின் குத்துவிளக்குகள்தான். அவற்றைக் கொண்டுபோக வெட்கப்பட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம் போய்க் கேட்டேன்.

தனியாள் அவர். அந்தத் தெருவில் அம்மா தயங்காமல் தட்டிய ஒரே கதவு அவருடையது. வடைத்தட்டு இங்கிருந்து போகும். தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்கிற எங்கள் வழக்கத்தை ஒருவரும் சொல்லாமலே அவர் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அதில் அவருடைய மரத்து எலுமிச்சம்பழங்கள் இருக்கும். நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர். அவர் ஒரு வசனத்தை முடிக்க முன்னமே அம்மா என் தோளில் இடிப்பார்: "என்னவாம்?" நானும் பாதியை விழுங்கி மீதியைச் சொல்வேன்.

பதக்கம் அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்தது. குதிரைச் சேணம் தைத்தவராம். விளிம்பில் அவர் பெயர், முகப்பில் ஒரு பெண்ணுருவம். கண்காட்சி நடந்த மாளிகை பிறகு எரிந்தே போனதாம். தருமுன் கிழவர் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அப்பாவும் தாத்தாவும் இப்படித் தடவித் தடவித்தான் இந்த நிறம் வந்தது என்றார். தலையாட்டினேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

வகுப்பில் ஒருவன், "சொக்லேட் பிஸ்கட்! கடிச்சுப் பார்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். விளக்குக்குத் தப்பி இதில் மாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை நவராத்திரிக்கு விளக்கு மினுக்கும் நாள். பின்வளவில் பழப்புளியும் சட்டி தேய்க்கும் கம்பிச்சுருளுமாக நான். புளி பட்ட இடமெல்லாம் பித்தளை கண் விழித்தது. பிஸ்கட் என்றவன் முகம் நினைவுக்கு வந்தது. பதக்கத்தை எடுத்தேன். தேய்த்தேன். கறுப்பு வழிய வழிய உள்ளிருந்து ஒரு ரோசாப்பூ வெளிச்சம். இன்னும் தேய்த்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ, அது அங்கிளின்ரை சாமானெல்லே! கேட்டனியே?"

"ஓம். அவர்தான் மினுக்கித் தரச் சொன்னவர்."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு மனிதர் எங்கள் வீட்டுக் கைவேலையைக் கேட்டிருக்கிறார். பதக்கத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், வடைக்கு நடுவே வாழையிலைத் துண்டில் வைத்தார். நல்ல சேலை கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கிழவர் தட்டைப் பார்த்தார். பதக்கத்தை எடுத்தார். கட்டைவிரல் தானாகப் போய்த் தடவியது, நின்றது. பெண்ணுருவத்தின் மூக்கு மழுங்கியிருந்தது. விளிம்பைத் திருப்பினார், கொள்ளுத்தாத்தாவின் பெயரில் முதல் எழுத்துகள் வெறும் கீறல். குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டார், யார் செய்தது என்று.

"மம்," என்றேன் நானும் ஆங்கிலத்தில்.

ஒரே சொல். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, எந்த ஆங்கிலத்துக்கும் ஆட்டுவதுபோல மெல்லத் தலையாட்டி, "யெஸ்... சொறி," என்றார். கிழவர் வடைத்தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் தட்டு எங்கள் வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. அதற்குப் பிறகும் இரண்டு தரம் அம்மா வடை அனுப்பிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். எலுமிச்சம்பழம் கடையில் வாங்கினோம்.

பிடிபடவில்லை என்று அந்த வயதில் எவ்வளவு ஆறுதல்! அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதது என் அதிர்ஷ்டம் என்றே வருடக்கணக்காக நம்பினேன். ஆனால் பள்ளிக்கூட அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், ஒவ்வொரு மேசையிலும் அவரைக் காட்டி எல்லோரும் சொன்ன சொல் "மம்". அம்மா இந்த நாட்டில் முதலில் படித்த சொல்லே அதுதான்.

இப்போது அம்மா குவேக்கர்ஸ் ஹில்லில் என்னோடு இருக்கிறார். நூதனசாலையிலிருந்து வந்த அன்று மகள் படத்தைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்ல கறுப்பாய் வைச்சிருக்கினம்," என்று மட்டும் சொன்னார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அன்று கதவு சாத்திய பிறகு வீடு வரைக்கும் நடந்தோம். ஒவ்வொரு வசனத்துக்கும் தோளில் இடிக்கிற அம்மா அன்றைக்கு மட்டும் கேட்கவேயில்லை, என்னவாம் என்று.