திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும்

போன வாரம் எங்கள் யூனிட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் பிரின்ட் ஆகவில்லை. வெறும் வெள்ளைத் தாள்தான் வந்தது. வாசலில் கும்பகோணம் போகும் லாரி நிற்கிறது. உள்ளே பெட்டி பெட்டியாகப் பீங்கான் பொம்மைகள். லேபிள் இல்லாத பெட்டியைக் கடைக்காரர் இறக்கவே விடமாட்டார்.

முதலாளி போனில் சுருக்கமாகச் சொன்னார். "சாயந்தரத்துக்குள்ள லாரி கெளம்பணும். இல்லன்னா நீ கெளம்பிடு."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த மேனேஜர் நாற்காலி போனால், விருத்தாசலத்தில் வேறு நாற்காலி யார் தருவார்?

கோளாறு லேபிள் அடிக்கும் சாப்ட்வேரில். அந்தக் கம்பெனிக்குப் போன் போடலாம் என்றால்... கம்பெனியே கிடையாது! கம்ப்யூட்டர் பார்க்கும் சபீனா போட்டு வைத்திருப்பது ஓப்பன் சோர்ஸ். யார் யாரோ சேர்ந்து எழுதி, உள்ளே இருப்பதையும் திறந்து காட்டி, சும்மா கொடுப்பது. காசு வாங்குகிற கம்பெனியும் போனை எடுக்காதுதான். ஆனால், திட்டவாவது ஒரு நம்பர் இருக்குமே?

சபீனா இணையத்தில் கேள்வியைப் போட்டாள். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் - சாப்ட்வேரைத் திருத்தியே அனுப்பியிருந்தார்.

"போடாதம்மா! முன்னப்பின்ன தெரியாதவரு. உள்ள என்ன வச்சிருக்காரோ?"

"தொறந்துதான் இருக்குது அண்ணே. யாரு வேணா படிச்சுப் பாக்கலாம்."

"எனக்கு அதப் படிக்கத் தெரியாதே!"

"பழைய கம்பெனி சாப்ட்வேர மட்டும் படிச்சுப் பாத்தா வாங்குனீங்க?"

என் பயத்திலும் நியாயம் உண்டு. பொம்மைக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் கலவையை எங்கள் ஊரில் கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்ல மாட்டார்கள். ஒருவன் வலிய வந்து சொல்லிக் கொடுத்தால், அது உதவாத கலவை என்றுதான் அர்த்தம். இப்படியே பழகிய மேனேஜர்களுக்கு, சும்மா கொடுப்பவரைப் பார்த்தால் நம்பவா தோன்றும்?

வேறு வழியில்லை. "போடு" என்றேன். லேபிள் வந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டிவிட்டதாக டிரைவர் போன் செய்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

"அந்த மனுஷனுக்கு என்னம்மா அனுப்பணும்? கேளு."

கேட்டாள். பதிலைப் படித்துச் சிரித்தாள். "ஒண்ணும் வேணாமாம். வேற யாராச்சும் இதே மாதிரி மாட்டிக்கிட்டா, நீங்க சொல்லிக் குடுக்கணுமாம்."

காசு கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்... இப்போது, யார் எப்போது வந்து மாட்டிக்கொள்வார்களோ என்று கவலையாக இருக்கிறது!